டர்போவின் ஆயில் லைனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பெட்ரோல் கார்களுக்கு டர்போவை (புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வெளியில் வாங்கிப் பொருத்துவது பற்றி நம் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு பவர் கூடும், என்ன செலவாகும் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. ஆனால் அந்த டர்போவுக்கு ஆயிலும் கூலன்ட்டும் எப்படிப் போய் எப்படித் திரும்ப வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பொருத்திய கொஞ்ச நாளிலேயே நீலப் புகை விட்டுக்கொண்டு, டர்போ பழுது பார்க்கும் எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் டர்போவில் குறை இருக்காது, லைன், அதாவது குழாய், போட்ட விதத்தில்தான் இருக்கும்.

டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். அதைத் தாங்கும் பேரிங் குண்டுகள் இல்லாத புஷ் வகை என்றால், ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. ஆயில் கொண்டுபோகும் லைனை ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுப்பார்கள், அது சரி. அந்த இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதுதான் தவறு, ஒரு சின்னப் பிசிறு உள்ளே போனாலும் ஆயில் துளை அடைத்துக்கொள்ளும். குண்டுகள் உள்ள பால் பேரிங் டர்போவுக்கு, ஆயில் வரத்தைக் குறைக்கச் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும், அதையே புஷ் வகைக்கும் போட்டால் ஆயில் போதாமல் பேரிங் போய்விடும்.

திரும்பும் லைனில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். உள்ளே போகும் ஆயிலை பம்ப் தள்ளுகிறது, வெளியே வருவதைத் தள்ள எதுவும் கிடையாது, காற்று கலந்து நுரைத்துப்போன ஆயில் தன் எடையால் தானாகவே கீழே வடிய வேண்டும். அதனால் குழாயின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் தொய்வோ மடிப்போ இருக்கக் கூடாது, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடமில்லை என்று சம்ப்பின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், கேஸ்கட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பேஸ்ட் அப்பி அது உள்ளே பிதுங்கி நின்றாலும், ஆயில் வடியாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி சைலன்சர் பக்கம் போய்ப் புகையாகிறது. இன்ஜினின் கீழ் அறையான கிராங்க் கேஸில் காற்றழுத்தம் ஏறினாலும் இதே கதைதான், ஆகவே அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் பாருங்கள். இதையெல்லாம் பார்க்காமல் 'சீல் போச்சு' என்று புது டர்போ வாங்க வைப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

அப்புறம் கூலன்ட். ஓடும்போது ஆயிலே ஓரளவு சூட்டை எடுத்துவிடும், ஆனால் இன்ஜினை அணைத்தவுடன் ஆயில் நின்றுவிடுகிறது, புகை வந்து சுற்றிவிடும் டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங்குக்கு ஏறி அங்கே மிச்சமிருக்கும் ஆயிலைக் கருக்கிக் கரியாக்குகிறது. கூலன்ட் கீழ்த்துளையில் நுழைந்து மேல்துளையில் வெளியேறி, அங்கிருந்து குழாய் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், பம்ப் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலே போய்க் குளிர்ந்தது உள்ளே வரும். தண்ணீர்த் துளை உள்ள டர்போவில் அதை அடைத்துவிட்டு ஆயிலை மட்டும் நம்பி ஓட்டுவது வேண்டாம்.

சைலன்சர் பக்கம் சாதா ரப்பர் ஹோஸும் வேண்டாம். அது கசிந்து, இன்ஜின் புகை வெளியேறும் சூடான மேனிபோல்டில் ஆயில் விழுந்தால் வண்டியே எரியும், உள்ளே இருப்பவர் உயிரும் போகும். ஸ்டீல் வலை பின்னிய டெஃப்லான் ஹோஸ் போட்டு, அதற்கு மேல் தீ தாங்கும் உறையும் மாட்ட வேண்டும்.

சாலையில் ஓட்டும் வண்டியில் இப்படி மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். ரேஸ் டிராக்குக்காகச் செய்கிறவர்களுக்காவது, அடுத்த முறை எழுதும்போது ஆயில் திரும்பும் லைன் சம்ப்பில் எங்கே சேர வேண்டும் என்று ஒரு படம் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
டர்போ பழுது பார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்