ஒலிம்பிக் முடிந்த ஊரில் மேயர் தேர்தல்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
2018 மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொழும்பு மாநகரசபைக்கு முதன்முறையாக ஒரு பெண், ரோசி சேனாநாயக்க, மேயராக வந்திருப்பதையும், நகரமண்டபத்தில் உங்களுடன் வேலை பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள். எங்கள் நியூஹாமிலும் இம்மாதம் 3 ஆம் திகதி ரொக்சானா பியாஸ் என்ற பெண்மணி மேயராகத் தெரிவாகியிருக்கிறார். ஒலிம்பிக் போட்டியையே வீட்டு வாசலில் நடத்திக் காட்டிய பழைய மேயர் ரொபின் வேல்ஸை இந்தச் சனங்கள் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள ஒழுங்கைச் சொல்லவேண்டும். லண்டன் முழுவதற்கும் ஒரு மேயர் இருக்கிறார். அதற்குள் அடங்கும் 32 உள்ளூராட்சிப் பகுதிகளில் சிலவற்றுக்கும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவுசெய்யும் தனி மேயர்கள் இருக்கிறார்கள். நியூஹாம் அவற்றில் ஒன்று. பொதுநலவாய நாட்டவர் என்பதால், இங்கு வந்த புதிதில் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே இரண்டு தேர்தல்களிலும் வாக்களிக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. வாக்குச்சீட்டில் முதலாம் தெரிவுக்கு ஒரு நிரலும் இரண்டாம் தெரிவுக்கு ஒரு நிரலும் இருந்தன. எங்கள் ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கை அறிந்தவர்களுக்கு அது புதிதல்ல. விரலில் மை பூசவில்லை, அடையாள அட்டையும் கேட்கவில்லை. நூலில் கட்டிய பென்சிலால் புள்ளடியிட்டு வருவதை முதல் தடவை என்னால் நம்பவே முடியவில்லை.

2005 ஜூலை 6 ஆம் திகதி சிங்கப்பூரில் பாரிஸை 54க்கு 50 என்ற வாக்குகளால் வென்று லண்டன் 2012 ஒலிம்பிக்கைப் பெற்றபோது, லண்டன் மேயராக இருந்தவர் கென் லிவிங்ஸ்டன். மூன்று வார விளையாட்டுக்காகத் தாம் இதைக் கேட்கவில்லை, கிழக்கு லண்டனைத் திருத்துவதற்கு அரசாங்கத்திடமிருந்து பெரும் பணத்தைக் கறக்க வேறு வழி இருக்கவில்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். லண்டன்காரர் வீட்டுக்குக் கட்டும் சோலைவரியிலும் ஒலிம்பிக்குக்கென ஒரு பங்கு ஏறியது. நடுத்தர வகை வீட்டுக்கு ஆண்டுக்கு 20 பவுண், அதாவது வாரத்துக்கு 38 பென்ஸ். 2007 இல் மொத்தச் செலவு 930 கோடி பவுணுக்கு மேல் போகும் என்று அறிவித்தபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த ஆண்டே லிவிங்ஸ்டன் பொரிஸ் ஜோன்சனிடம் தோற்றார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் போட்டியைக் கொண்டுவந்தவர் அது நடந்தபோது மேயராக இருக்கவில்லை. 2008 பெய்ஜிங் போட்டியின் முடிவில் ஒலிம்பிக் கொடியை வாங்கி அசைத்தவர், அதற்காக ஒரு துரும்பையும் அசைத்திராத ஜோன்சன்.

2012 மே 3 ஆம் திகதி, போட்டி தொடங்குவதற்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது, இருவரும் மறுபடி மோதினார்கள். ஊர் முழுக்க ஒலிம்பிக் பேச்சாக இருந்தும் தேர்தல் மேடையில் அது பெரிதாக எழவில்லை. காரணம் எளிது: பெற்றவர் ஒருவர், நடத்தப்போகிறவர் மற்றவர், எதிர்த்துப் பேச இருவருக்குமே வாயில்லை. பஸ், ரயில் கட்டணங்களை 7 வீதம் குறைப்பேன் என்றார் லிவிங்ஸ்டன்; சோலைவரியைக் குறைப்பேன் என்றார் ஜோன்சன். ஜோன்சன் 51.5 வீதம் பெற்றுத் தப்பினார். 2008 இல் அவருக்குக் கிடைத்தது 53.2 வீதம் என்பதைப் பார்த்தால், வரப்போகிற விழா அவருக்கு ஒரு வாக்கையாவது கூட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. வாக்களித்தவர்களும் 38 வீதத்தினர்தான். ஆனால் போட்டி நடந்தபோது அவர்தான் மாப்பிள்ளை. விக்டோரியா பூங்காவில் கம்பியில் சறுக்கி இறங்கும்போது இரண்டு கையிலும் கொடியோடு நடுவானில் தொங்கிப்போனார். வேறொரு அரசியல்வாதிக்கு அது மானக்கேடாக முடிந்திருக்கும், இவருக்கு அதுவே புகழாகியது. அந்த ஓகஸ்டில் தேர்தல் வைத்திருந்தால் எத்தனை வீதம் வாங்கியிருப்பாரோ தெரியாது.

இதில் நம்மூரும் சளைத்ததல்ல. 2011 இல் கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்காகக் கொழும்பின் கெத்தாராம மைதானத்தைப் புதுப்பித்தபோது, அதே போட்டியைக் காரணம் காட்டிக் கொழும்பு மாநகரசபைத் தேர்தலையே ஒத்திவைத்தார்கள் அல்லவா? மார்ச்சில் மற்றச் சபைகள் பல வாக்களிக்க, கொழும்பு ஒக்டோபர் வரை காத்திருந்தது. லண்டனில் போட்டியால் தேர்தலின் பேச்சு மாறியது; கொழும்பில் திகதியே மாறியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த பிறகுதான் பந்தற்காரர் கணக்கோடு வாசலில் வந்து நிற்பார். இங்கே அவர் வந்து நின்றது, நியூஹாமின் ஸ்ட்ராட்போர்டில் உள்ள ஒலிம்பிக் மைதானத்தின் வாசலில். ஓட்டப் போட்டிக்குக் கட்டிய அந்த மைதானத்தைக் கால்பந்தாட்டத்துக்கு மாற்றி வெஸ்ட்ஹாம் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கழகத்தின் வாடகை ஆண்டுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் பவுண். மாற்றியமைத்த செலவு 32 கோடிக்கு மேல். ஓடுபாதையை மறைத்துப் பச்சை விரிப்பு போட்டிருக்கிறார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் இருப்பவர்கூடப் புல்தரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறார். கோடையில் ஓட்டப் போட்டி வந்தால் கீழ்த்தட்டு இருக்கைகளைப் பின்னுக்கு நகர்த்தி, முடிந்ததும் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். அதற்கே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் பணம் கரைகிறது. 2016 இல் லண்டன் மேயராக வந்த சாதிக் கான், தமக்கு முந்திய ஜோன்சன் காலத்து இந்த ஒப்பந்தத்தை விசாரிக்க உத்தரவிட்டார். நட்டம் மட்டும் அவர் கையில் வந்து சேர்ந்தது.

எங்கள் நியூஹாம் சபையும் அந்த மைதானத்தில் 4 கோடி பவுணைக் கடனாகப் போட்டிருந்தது. இலாபமும் பெருமையும் வரும் என்று முன்நின்றவர், 1995 முதல் சபைத் தலைவராகவும் 2002 முதல் மேயராகவும் இருந்த சேர் ரொபின் வேல்ஸ். சென்ற ஆண்டின் இறுதியில் சபை தன் பங்கை விட்டுக்கொடுத்து வெளியேறியது. போட்ட பணம் வரவில்லை. இந்தப் பணம் சபையின் சேவைகளுக்கு வெட்டு விழுந்த அதே ஆண்டுகளில் போனது என்பதைத்தான் சனங்கள் மறக்கவில்லை. ஒலிம்பிக் பூங்காவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஒரு விடுதியில் இருந்த இளம் தாய்மார் 29 பேருக்கு 2013 இல் வெளியேற்ற அறிவித்தல் வந்தபோது, பேர்மிங்ஹாம், மன்செஸ்டர் என்று தொலைதூர ஊர்களில் வீடு பார்க்கும்படி சொன்னார்கள். அதே நேரம் ஸ்ட்ராட்போர்டில் கார்ப்பென்டர்ஸ் தொடர்மாடிகளில் சபையின் வீடுகள் வெறுமையாகப் பூட்டிக்கிடந்தன. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அந்தத் தாய்மார் அங்கே புகுந்து இருந்துகாட்டினார்கள். செய்தி நாடெங்கும் போனது.

ஆனாலும் வேல்ஸ் மக்கள் வாக்களித்த மேயர் தேர்தலில் தோற்கவில்லை அப்பா. நியூஹாமில் தொழிற்கட்சிக்கு 2010 இலும் 2014 இலும் 60 ஆசனங்களில் 60ம் கிடைத்தன, இம்முறையும் அப்படித்தான். ஆகவே உண்மையான தேர்தல் கட்சிக்குள்தான் நடக்கிறது. அவரைப் போட்டியின்றி மறுபடி வேட்பாளராக்க எடுத்த முயற்சி உறுப்பினர்களின் முறைப்பாட்டால் குழம்பி, மறுபடி வாக்கெடுத்து, மார்ச் மாதத்தில் பியாஸ் அவரைத் தோற்கடித்தார். கட்சி இடதுபக்கம் சாய்ந்த காலம் இது என்பதும், இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே முகத்தைப் பார்த்த சலிப்பும் அதில் சேர்ந்தே இருந்தன. மைதானம் மட்டுமே அவரைக் கவிழ்த்தது என்று எழுதினால் அது நேர்மையாகாது. ஆனால் கதவு தட்டி வாக்குக் கேட்டு வந்த பிள்ளைகளின் வாயில் மைதானக் கடன்தான் முதலில் வந்தது.

ஒலிம்பிக்கால் நன்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஸ்ட்ராட்போர்டில் முன்பு இரவில் இறங்கப் பயப்பட்ட இடங்களில் இன்று பூங்காவும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. ஈஸ்ட்ஹாம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அங்கே வேலை. எங்கள் வாடகையும் அந்தப் பூங்காவைப் பார்த்தே ஏறுகிறது. விழாவின் பலனைப் பெறுகிறவரும் விலையைக் கொடுக்கிறவரும் ஒரே தெருவில் இருக்கும்போது, யாருடைய வாக்கு யாருக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

புதிய மேயர், நேரடித் தெரிவு மேயர் என்ற முறையே நியூஹாமுக்கு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்திருக்கிறார். நீங்கள் ஒன்றை எனக்கு எழுதவேண்டும்: 2011 இல் கெத்தாராம மைதானத்தைச் சுற்றி வீதி, வடிகால், விளக்கு என்று செய்த வேலைகளில் மாநகரசபையின் பணம் எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் கணக்கில் ஏறியது? அந்த ஆண்டு சபையில் உறுப்பினர் இல்லாத காலத்தில் அதற்கு யார் கையொப்பமிட்டார்கள் என்பதும் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அம்மாவிடம் நான் நலம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்