பெட்டியில் இருப்பது 4கே, பதிவில் இருப்பது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேப்டாப் திரையைப் பதிவு செய்வது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கென்று கேப்சர் கார்டு போன்ற தனிக் கருவி எதுவும் வேண்டாம், இலவச மென்பொருளே போதும் என்று முடித்திருந்தீர்கள். பலருக்கு அது சரிதான். எனக்குச் சரிப்பட்டு வராது. நான் லேப்டாப் சர்வீஸ் கற்றுக்கொடுப்பவள்.

என் பாடத்தில் பாதி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே முடிந்துவிடும். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) நுழைவது, பூட் வரிசையை (எந்த டிஸ்க்கிலிருந்து கணினி முதலில் தொடங்க வேண்டும் என்பதை) மாற்றுவது, புது ஹார்டு டிஸ்க்கைக் கணினி பார்க்கிறதா என்று சோதிப்பது, நீலத் திரை விழுந்தால் அதில் உள்ள பிழை எண்ணைப் படிப்பது, எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். அப்போது ரெக்கார்டிங் மென்பொருளும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்குகிறவனிடம் போய் நீ தூங்குவதை நீயே எழுதி வை என்று சொல்ல முடியுமா?

முதலில் செல்போனை ஸ்டாண்டில் மாட்டித் திரையைப் படம்பிடித்தேன். திரை முழுக்கக் கோடு கோடாக அலை ஓடியது. அதற்கு நடுவில் என் மூக்குக் கண்ணாடியின் பிம்பம் வேறு. பாடத்தைவிட என் முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது. அதன் பிறகுதான், ஒரு கணினியின் படத்தை வாங்கி இன்னொரு கணினியில் பதிவு செய்யக் கொடுக்கும் கேப்சர் கார்டு வாங்கினேன்.

வேலை செய்யும் விதம் எளிது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் கேபிளை மானிட்டரில் செருகாமல் இந்தச் சின்னக் கருவியில் செருக வேண்டும். கருவியின் மறுமுனை யுஎஸ்பி வழியாக இன்னொரு கணினிக்குப் போகும். அந்தக் கணினி இதை ஒரு வெப்கேம் என்று நினைத்துக்கொள்ளும், தனி டிரைவர்கூடக் கேட்காது. ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற மென்பொருளைத் திறந்து, வருவதை அப்படியே பதிவு செய்யலாம். முதல் லேப்டாப்போ தான் ஒரு மானிட்டரோடு பேசிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அதனால் அது எழுந்தாலும் விழுந்தாலும் பதிவு நிற்காது. (கருவியே வேண்டாம் என்று இரண்டு லேப்டாப்பையும் ஒரே எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பார்க்கும் மாணவர் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவராவது உண்டு. நாம் சாதாரணமாகப் பார்க்கும் லேப்டாப்பில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். இரண்டு வாய்க்கு நடுவே குழாய் போட்டால் காது கேட்குமா?)

இப்போது என் புகாருக்கு வருகிறேன். நான் வாங்கிய கருவியின் பெட்டியில் கட்டை விரல் உயரத்துக்கு "4கே" என்று அச்சடித்திருந்தார்கள். முதல் பாடத்தைப் பதிவு செய்து வகுப்பில் போட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "மேடம், அந்த மாடல் நம்பர்ல இருக்கிறது 3-ஆ, 8-ஆ?" என்றார். நான் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. நீலப் பின்னணியில் இருந்த மஞ்சள் எழுத்துகளைச் சுற்றி, தண்ணீர் பட்ட மை மாதிரி, அழுக்காக ஒரு கசிவு.

வீட்டுக்கு வந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உள்ளே வாங்குவது 4கே வரை. வெளியே யுஎஸ்பி வழியாகக் கொடுப்பது 1080பி, நொடிக்கு 30 பிரேம் (30 படம்). அதாவது 4கே படத்தை அது வாங்கிக்கொள்ளும், வாங்கிய புள்ளிகளைக் கால்வாசியாகச் சுருக்கித்தான் கையில் கொடுக்கும். பொய் என்று ஒரு எழுத்தைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் வாசலில் எழுதியிருப்பது ஒன்று, வீட்டுக்குள் இருப்பது வேறு.

அதோடு போகவில்லை. யுஎஸ்பி முனைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நீல நிறம். நீலம் என்றால் யுஎஸ்பி 3.0 என்றுதான் நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அதே பூதக்கண்ணாடியை அங்கே கொண்டுபோனேன். 3.0 என்றால் உள்ளே 9 உலோகத் தொடுமுனைகள் ('பின்'கள்) இருக்க வேண்டும். இதில் எண்ணிப் பார்த்தால் நாலே நாலு. பழைய யுஎஸ்பி 2.0-க்கு நீலச் சாயம் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

நாலுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 1080பி என்பது 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளிகள். நிறத் தகவலை ஏற்கெனவே கொஞ்சம் குறைத்துவிட்டு, புள்ளிக்கு 2 பைட் என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 30 பிரேம் அனுப்ப ஏறக்குறைய 100 கோடி பிட் ஓட வேண்டும். யுஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே நொடிக்கு 48 கோடி பிட்தான், அதுவும் ஏட்டில். அந்தக் குழாயில் இந்தத் தண்ணீர் போகாது. ஆகவே கருவி ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படமாக அமுக்கி அனுப்புகிறது. முகம், மரம், வானம் என்றால் இந்த அமுக்கல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கூர்மையான ஓரம் உள்ள எழுத்தில்தான் வந்து கடிக்கும். நிறத்தைத் துல்லியம் குறைத்து அனுப்புவதால், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தில் வரும் எழுத்து இன்னும் மோசம். விளையாட்டைப் பதிவு செய்கிறவருக்கு உறுத்தாத குறை எங்களைப் போன்றவர்களுக்குப் பாடத்தையே கெடுத்துவிடுகிறது. யுஎஸ்பி 3.0-வில் 500 கோடி பிட் என்ற கணக்கு இருப்பதால் 1080பி-யை அமுக்காமலே அனுப்ப இடம் உண்டு.

கட்டுரையில் இதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

கையில் இருப்பதை வைத்து நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி, லேப்டாப் திரை, கருவி இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டச் சொல்வேன். பிறகு வெளியே போகும் படத்தை 4கே-யில் விடாமல் 1080பி என்று நானே வைத்துவிடுவேன். அப்போது கருவிக்குச் சுருக்கும் வேலை மிச்சம், எழுத்தும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். படம் வெளுத்துத் தெரிந்தால் நிறத்தின் ரேஞ்சை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் எந்த எண் என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். லேப்டாப் 16 முதல் 235 வரை என்றும் கருவி 0 முதல் 255 வரை என்றும் ஆளுக்கொரு கணக்கில் இருந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். பதிவை எம்கேவி கோப்பாகத்தான் வைப்பேன், பாதியில் நின்றாலும் அதுவரை பதிந்தது திறக்கும். ஒரு முறை பாதியில் கரண்ட் போய், எம்பி4-இல் இருந்த 40 நிமிடப் பாடம் திறக்கவே இல்லை.

லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸிலிருந்து பயாஸுக்கு மாறும்போது திரையின் அளவு மாறுகிறது அல்லவா, அந்த இடத்தில் என் கருவி இரண்டு மூன்று நொடி இருண்டுபோகும். பயாஸுக்குள் நுழைய எந்தக் கணத்தில் எஃப்2-ஐத் தட்ட வேண்டும் என்று காட்ட நினைக்கிறேனோ, சரியாக அப்போது. அதற்கு மட்டும் இன்றும் செல்போன்தான்.

இதைப் படித்துவிட்டு, கட்டணம் கட்டிப் பார்க்கும் சினிமாவை இப்படிப் பதிவு செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கறுப்புத் திரைதான் வரும். இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற பூட்டு அதற்காகவே போடப்பட்டது. அது கருவியின் கோளாறும் அல்ல, என் புகாரும் அல்ல.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கருவிகளைப் பற்றி இனி எழுதும்போது உள்ளே வாங்கும் அளவு, பதிவில் கிடைக்கும் அளவு, யுஎஸ்பி எந்தத் தலைமுறை என்ற மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். விளம்பரமாக வந்தாலும் இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தயாரிப்பாளர்கள் பெட்டியின் முன்பக்கத்திலேயே உள்ளே வாங்குவது, வெளியே கொடுப்பது என்ற இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடித்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

என் கருவியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மாணவர்கள் இரவல் கேட்டு எடுத்துப்போகிறார்கள். அதன் முதுகில் இருந்த "4கே" மேல் வெள்ளை பேப்பர் ஒட்டி, "1080, 30, நாலு பின்" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் பயிற்சியாளர் ஒருவர்