வெல்வெட் பூச்சிக்குப் பத்தடி மண் விடுங்கள்

வட சென்னையில் பூங்காக்களையும் பள்ளி மைதானங்களையும் பராமரிப்பவர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் தரையைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கிவிடும். அதில் ஒரு பழக்கத்தை மட்டும் விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மழை விட்டதும் கொசுவுக்கென்று மண்தரை முழுக்கச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவ வேண்டாம்.

மழைக்கு மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் அந்த மண்தரையைக் குனிந்து பாருங்கள். பட்டாணி அளவில், குங்குமச் சிவப்பில், உடம்பெல்லாம் மெத்தென்ற மயிரோடு வெல்வெட் பூச்சி ஊர்ந்துவரும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். எண்ணினால் 8 கால் இருக்கும். பூச்சி என்றாலும் இது சிலந்தி, உண்ணி வகையறா. கடிக்காது. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் வாசம்; மழைக்குப் பின் சில மணி நேரம்தான் இரைக்கும் இணைக்கும் மேலே வரும். கறையான், ஈசல், பூச்சி முட்டைகள் இதன் தீனி. சங்கப் பாட்டில் இதற்கு 'ஈயல் மூதாய்' என்று பெயர். ஈசலோடு சேர்த்துப் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்! குஞ்சுக்கு 6 கால்தான். வெட்டுக்கிளி போன்றவற்றின் உடம்பில் ஒட்டி உறிஞ்சி வளர்ந்து, பிறகு மண்ணில் இறங்கும். அதனால் புல்லும் வேண்டும், இறங்க மண்ணும் வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் மண்ணில் விழுந்தால் அங்குள்ள மக்கிலும் இலைதழையிலுமே அதன் வீரியம் தீர்ந்துவிடும். சுண்ணாம்போ ஈர மண்ணில் காரத்தை ஏற்றும். இரண்டாலும் கொசு குறையாது. டெங்குக் கொசு டயரிலும் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நிற்கிற நல்ல தண்ணீரில் 7 முதல் 10 நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். பிளீச்சிங்கைக் குடிநீர்த் தொட்டிக்கு வையுங்கள்: 1000 லிட்டருக்கு 4 கிராம். சாக்கடை பொங்கிய இடத்தில் தூவுவதை நாங்கள் தடுக்கவில்லை.

பேவர் பிளாக் போடும்போது மூலையில் 10 அடிக்கு 10 அடி மண்ணை அப்படியே விடுங்கள். மணல் கலந்து பொலபொலவென்று, அரை அடி ஆழமாவது கல் இல்லாமல் இருக்க வேண்டும். கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டம் தட்டினால் தரை இறுகிப்போய் எந்த உயிரும் உள்ளே இறங்க முடியாது. சருகை 2 அங்குலம் விட்டுவையுங்கள். முதல் மழைக்குப் பின் இரண்டு வாரம் அங்கே கொத்தவோ புல் செதுக்கவோ வேண்டாம். புகைமருந்து அடிப்பவரிடம் அந்த மூலையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் இதைப் பிடித்துத் தீப்பெட்டியில் புல்லோடு அடைப்பார்கள். அது புல் தின்னாது, காய்ந்து செத்துவிடும். உள்ளங்கையில் ஏற்றிப் பார்க்கட்டும், எடுத்த இடத்திலேயே இறக்கிவிடட்டும்.

அந்த மூலையைச் செப்டம்பர் முடிவதற்குள் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிக் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வட சென்னை மண்ணுயிர்களைக் கவனித்து வருகிறவர்கள்