கத்தி வாங்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பின இரண்டு கத்திப் படங்களையும் பார்த்தேன். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், உன் அம்மா குறுக்கே குறுக்கே பேசி நாலு தடவை அழித்தாயிற்று. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ரயிலில் போகும்போது படி.

கடையில் உன்னிடம் சொன்னார்களாம்: ஒன்று ஃபோர்ஜ் பண்ணினது, நூறு யூரோவுக்கு மேலே, இன்னொன்று "வெறும் ஸ்டாம்பிங்", நாற்பதுக்குள். அந்த "வெறும்" எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்குள் அடுக்குகிற மெல்லிய ஸ்டீல் தகடு, அடிக்கிற பிரஸ்ஸில் நின்றவன் நான். இந்தக் கோயம்புத்தூரில் ஓடுகிற பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் உள்ளே அடுக்கடுக்காக இருப்பது ஸ்டாம்பிங்தான், உன் காலேஜ் ஃபீஸும் ஸ்டாம்பிங்தான். ஆனால் ரோஷத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதே. ஃபோர்ஜிங் ஷாப்பிலும் எனக்கு சிநேகிதர்கள் உண்டு, அதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். ஸ்டாம்பிங் கத்தி என்றால், ரோலிங் மில்லில் உருட்டி வந்த ஸ்டீல் தகட்டிலிருந்து கத்தி வடிவத்தை பிரஸ்ஸில் தட்டி எடுக்கிறார்கள், இப்போது நிறைய இடத்தில் லேசரில் வெட்டுகிறார்கள். ஃபோர்ஜிங் என்றால், ஸ்டீல் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, டை என்கிற அச்சுக்குள் வைத்து மேலிருந்து ஹாமரை இறக்கி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் ஒரே துண்டில் கைப்பிடியை ஒட்டின கழுத்துப் பக்கம் தடிப்பாகவும் அலகு மெலிசாகவும் கொண்டுவரலாம். தகட்டில் அது வராது, தகடு எங்கேயும் ஒரே கனம். அதற்கு அப்புறம் இரண்டு கத்திக்கும் ஒரே பாதைதான், ஆயிரம் டிகிரி பக்கம் சூடேற்றிப் பட்டென்று குளிரவைத்து, மறுபடி லேசாகச் சூடு காட்டிப் பதம் போடுகிறார்கள், பிறகு தேய்த்துக் கூர் வைக்கிறார்கள். கத்திக்குக் கெட்டித்தன்மை வருவது இந்தப் பதத்தில். ஹாமர் அடித்ததால் வந்தது என்று கடையில் யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு.

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊரில் ஃபோர்ஜ் பண்ணின அந்தக் கத்தியின் அலகிலேயே எக்ஸ்50சிஆர்மோவி15 என்று ஸ்டீலின் பேரே பொறித்திருக்கிறது. 50 என்றால் கார்பன் அரை சதவீதம், 15 என்றால் குரோமியம் பதினைந்து சதவீதம், துருப்பிடிக்காமல் இருப்பது அதனால்தான். சுவிட்சர்லாந்துக்காரனின் அந்த விக்டோரினாக்ஸ் ஸ்டாம்பிங் கத்தியும் ஏறக்குறைய இதே ஸ்டீல்தான். பதத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். கெட்டித்தன்மையை அளக்கிற ராக்வெல் கணக்கில் விக்டோரினாக்ஸ் 56 பக்கம், சோலிங்கன் 58. அந்த இரண்டு பாயின்ட்டால் சோலிங்கன் கத்தியில் கூர் கொஞ்சநாள் கூட நிற்கும், ஆனால் தீட்டும்போது கொஞ்சம் கூடத் தேய்க்கவேண்டும். சோலிங்கனில் கத்தி செய்கிற வுஸ்தோஃப் கம்பெனியே ஒரு வரிசையை ஃபோர்ஜ் பண்ணியும் இன்னொரு வரிசையைத் தகட்டிலிருந்து லேசரில் வெட்டியும் விற்கிறது, இரண்டிலும் ஸ்டீல் ஒன்று, இரண்டிலும் சோலிங்கன் என்றுதான் போட்டிருக்கும். அந்தப் பேருக்கு 1938-லேயே அங்கே சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். கத்தி அந்த ஊரில் செய்தது என்பதற்குத்தான் அந்தப் பேர் சாட்சி, ஹாமரில் அடித்தது என்பதற்கு இல்லை.

ஃபோர்ஜிங் வேண்டாத வேலை என்றும் சொல்லவில்லை. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, லாரி ஆக்சில், இதெல்லாம் ஃபோர்ஜ் பண்ணினால் நன்றாகத் தாங்கும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் முறுக்கையும் அடியையும் வாங்குகிற சாமான் அது. நீ நறுக்கப்போவது வெங்காயம்.

சரி, உனக்குத் தெரியாத ஒரு கதை. நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஒரு பொருட்காட்சியில் "ஃபோர்ஜ்டு" என்று எழுதின கத்தி ஒன்றை வாங்கிவந்தேன். நல்ல கனம். கழுத்துப் பக்கம் தடிப்பாக, கையில் எடுத்தால் ஒரு மரியாதை வருகிற மாதிரி. பதினைந்து நாளில் தக்காளித் தோலைக்கூட வெட்டாமல் நசுக்க ஆரம்பித்தது. சந்தேகத்தில் கம்பெனிக்கு எடுத்துப்போய் ராக்வெல் மெஷினில் வைத்துப் பார்த்தால் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. எமரி பேப்பரில் தேய்த்துப் பார்த்தபோது கழுத்தடியில் மெலிசாக ஒரு கோடு. தகட்டு அலகில் தனியாக ஒரு கட்டையை வெல்டு வைத்து, பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறான். ஸ்டாம்பிங்கை விற்றான் என்று எனக்குக் கோபமில்லை, ஸ்டாம்பிங்கைப் போய் ஃபோர்ஜிங் வேஷம் போடவைத்தானே என்றுதான் கோபம். உன் அம்மாவிடம் இன்றுவரை வெல்டு விஷயத்தைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அதனால் தடித்த கழுத்து இருந்தால் ஃபோர்ஜிங் என்று நம்பிவிடாதே.

அந்தக் கழுத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. நீ அனுப்பின முதல் படத்தில் அந்தத் தடிப்பு கீழே கூர் வரைக்கும் இறங்கியிருக்கிறது பார். கல்லில் தீட்டும்போது அது வந்து இடிக்கும், அடியோரம் ஒரு அங்குலம் கல்லைத் தொடாது. மூன்று நாலு வருஷம் தீட்டினபிறகு நடுப்பகுதி தேய்ந்து, அந்த மூலை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், பலகையில் வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியும், கீரை நறுக்கினால் அறுபடாமல் மாலை மாதிரி தொங்கும். ஃபோர்ஜ்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், கழுத்து பாதியிலேயே நின்றுவிடுகிற மாதிரி வருவதை வாங்கு. கனமான கத்திக்கு ஒரு சுகம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன், பரங்கிக்காயையோ சேனைக்கிழங்கையோ பிளக்கும்போது பாதி வேலையை அதன் எடையே செய்துவிடும். மெலிசான தகட்டுக் கத்திக்குக் கேரட்டும் வெங்காயமும் வழுக்கிக்கொண்டு போகும். நீ வாரத்தில் எத்தனை நாள் பரங்கிக்காய் பிளக்கிறாய்?

என்னைக் கேட்டால் அந்த நாற்பது யூரோ கத்தியை வாங்கு, இருபது சென்டிமீட்டர். மிச்சக் காசில் ஆயிரம் கிரிட் (கல்லின் நைசைச் சொல்கிற எண்) தீட்டுக்கல் ஒன்று, மரப்பலகை ஒன்று. கண்ணாடிப் பலகை வைத்திருக்கிறாயே, அதைத் தட்டு வைக்கப் பயன்படுத்து, அதன் மேல் எந்தக் கத்தி போட்டாலும் ஒரே வாரம்தான். டிஷ்வாஷரிலும் போடாதே.

தீட்டுவது சும்மா பழக்கம். கல்லை நனைத்துக்கொள், கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகுப்பக்கம் உன் சுண்டுவிரல் நுழைகிற அளவு தூக்கு, அவ்வளவுதான் கோணம். அதை மாற்றாமல் அடியிலிருந்து நுனி வரைக்கும் தேய். எப்போது நிறுத்துவது என்றுதானே எல்லோரும் திணறுவார்கள், அதற்குத்தான் பிசிறு. சின்ன வயசில் லீவு நாளில் என்கூட கம்பெனிக்கு வந்து ஸ்டாம்பிங் ஓரத்தைத் தடவி "அப்பா, குத்துது" என்பாயே, அதே பிசிறு. எங்களுக்கு அது வந்தால் டை மழுங்கிவிட்டது, கழற்றி கிரைண்டிங்குக்கு அனுப்பு என்று அர்த்தம். கத்தியில் நேர் தலைகீழ். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்க ஓரத்தில் அந்தப் பிசிறு எழும்பும், கட்டைவிரலைக் குறுக்கே வைத்து, முதுகிலிருந்து வெளியே இழுத்துப் பார் (கூரின் நீளவாக்கில் இழுக்காதே!), நகத்தில் நூல் மாட்டுகிற மாதிரி தட்டும். அடியிலிருந்து நுனி வரை தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது, கத்தியைத் திருப்பு. இரண்டு பக்கமும் ஆனபிறகு அழுத்தாமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். தக்காளியை அழுத்தாமல் வைத்து இழுத்துப் பார்.

நம்ம உக்கடம் கறிக்கடை பாயின் கத்தியைப் பார்த்திருக்கிறாயா? என்ன கத்தி என்று அவருக்கே ஞாபகமில்லை, தேய்ந்து தேய்ந்து பாதி அகலம்தான் மிச்சம். ஒவ்வொரு ஆளுக்கும் கறி போடுவதற்கு முன்னால் இடுப்புக் கம்பியில் இரண்டு தட்டு தட்டிக்கொள்வார், ஈரலை வெற்றிலை மாதிரி சீவுவார்.

உன் அம்மா பக்கத்தில் நின்று, "அருவாமனையை பார்சல் போடலாம், அதில் இந்த வம்பெல்லாம் கிடையாது" என்கிறாள். வாழைக்காய் நறுக்கிக் கறுத்துப்போனதை எண்ணெய் தடவித் துடைத்து வேறு வைத்திருக்கிறாள். ஏழு கிலோ கூரியருக்கு ஆகிற காசில் நீ இன்னொரு கத்தியே வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீயே ஒரு வார்த்தை பேசு.

அப்புறம் ஒரு விஷயம். உன் வுப்பர்டாலுக்கு அடுத்த ஊர்தானே சோலிங்கன். அங்கே மெர்ஷைடு என்ற பகுதியில் ஹென்ட்ரிக்ஸ் என்று ஒரு பழைய கத்தரிக்கோல் ஃபோர்ஜிங் ஷாப் இருக்கிறது, 1886-இல் ஆரம்பித்து 1986 வரைக்கும் ஓடினது, இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்கள், வந்தவர்களுக்குப் பழைய ஹாமரில் நிஜமாகவே அடித்துக் காட்டுகிறார்களாம். திறந்திருக்கிற நாளைப் பார்த்து ஒரு நாள் போ. ஹாமர் இறங்கும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, மேலே பாட்டு எதுவும் போடாதே, எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

அப்பா