பதக்கத்தோடு நொடிகளையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2026 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூஜின் நகரில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகள சாம்பியன்ஷிப் நடைபெறவுள்ள நிலையில், அதில் ஓடப்போகும் பெண்களைப் பற்றி நம் நாளிதழ்கள் எழுதும் முறை குறித்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விளையாட்டுப் பக்கத்தைத்தான் இன்றும் முதலில் திருப்புகிறேன். ஓட்டப்பந்தயச் செய்தியில் எவ்வளவு நேரத்தில் ஓடினார் என்ற ஒன்று மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் இருப்பதைக் கண்டு பலமுறை மனம் சோர்ந்திருக்கிறேன்.

2018 ஜூலை 12 அன்று பின்லாந்தின் தாம்பரே நகரில் நடந்த இதே 20 வயதுக்குட்பட்டோருக்கான சாம்பியன்ஷிப்பில் அசாமின் திங் பகுதிக் கிராமத்துப் பெண் ஹிமா தாஸ் 400 மீட்டரில் தங்கம் வென்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான்காவது பாதையில் ஓடிய அவர், கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழைந்தபோது முன்னிலையில் இல்லை. ருமேனியாவின் ஆண்ட்ரியா மிக்லோஷ் முன்னே போய்க்கொண்டிருந்தார். மற்றவர்களின் கால்கள் கனத்துப்போன அந்தக் கடைசி எண்பது, நூறு மீட்டரில் ஹிமா ஒவ்வொருவராகக் கடந்து 51.46 நொடிகளில் கோட்டைத் தொட்டார். மிக்லோஷ் அவருக்கு 0.61 நொடி பின்னால் வந்தார். ஓடுபாதையில் உலக அளவிலான போட்டியொன்றில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. தேசியகீதம் ஒலித்தபோது அந்த 18 வயதுப் பெண்ணின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து என் வீட்டுக் கூடத்தில் நானும் அழுதேன்.

ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரலில், கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் இறுதி ஓட்டத்தில் இதே ஹிமா 51.32 நொடிகளில் ஓடி ஆறாவதாக வந்தார் என்பது எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்? தங்கம் பெற்ற ஓட்டத்தைவிட ஆறாம் இடம் பெற்ற ஓட்டமே வேகமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 50.79 நொடிகளில் ஓடித் தேசிய சாதனை படைத்தபோது, பஹ்ரைனின் சல்வா ஈத் நாசர் 50.09 நொடிகளில் முந்திவிட்டதால் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. இடத்தை மட்டும் அச்சிட்டால் ஆறாவது, முதலாவது, இரண்டாவது என்று ஏறி இறங்கியதாகத்தான் தோன்றும். நொடிகளைப் பார்த்தால்தான், ஏப்ரலிலேயே ஆயத்தமாகிவிட்ட ஒரு பெண் ஆகஸ்டில் தன் உச்சத்தைத் தொட்டார் என்பது புரியும்.

அடுத்த ஆண்டு நடந்தது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் முதுகுப் பிடிப்பால் ஹிமாவால் 400 மீட்டர் தகுதிச் சுற்றைக்கூட முடிக்க முடியவில்லை. பிறகு ஜூலையில் போலந்திலும் செக் குடியரசிலும் நடந்த ஐந்து சிறு போட்டிகளில் அவர் ஓடினார். ஐந்திலும் முதலிடம். ‘ஒரே மாதத்தில் ஐந்து தங்கம்’ என்று நாடு முழுவதும் ஒரே முழக்கம். அவற்றில் இருந்த ஒரே 400 மீட்டரில் அவருடைய நேரம் 52.09 நொடி; அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பிற்கான தகுதி நேரமோ 51.80. காயத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் மெல்ல மெல்ல ஓடிப் பார்க்கிறார் என்பதே அந்த எண்கள் சொன்ன செய்தி. அதைச் சொல்லாமல் தங்கங்களை மட்டும் எண்ணியதால், முதுகு வலியால் அவர் உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகியபோது, அதுவரை கொண்டாடியவர்களுக்கு அது திடீர் ஏமாற்றமாகிவிட்டது. அந்த ஏமாற்றத்தின் சுமை ஹிமாவின் தலையில் விழுந்தது. அது அவருக்கு நாம் செய்த அநியாயம் என்றே கருதுகிறேன்.

மாவட்டப் போட்டிகளில் கையில் ஸ்டாப்வாட்சுடன் கோட்டருகே நின்ற நாள்களில் நான் கண்ட ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 400 மீட்டர் ஓடி முடித்த பெண் குழந்தை முட்டியில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கும், பேச்சு வராது. நிமிர்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “டைம் எவ்வளவு டீச்சர்?” என்பதுதான். ஒரு முறை நான்காவதாக வந்த எங்கள் பள்ளி மாணவி, முந்தைய ஆண்டைவிட இரண்டு நொடி குறைந்திருப்பதை என் வாட்சை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள். மறுநாள் ஒரு நாளிதழில் முதல் மூவரின் பெயர் மட்டும் வந்திருந்தது. அவர்களுடைய நேரமும் இல்லை. ஓடுகிறவர்கள் எதைக் கொண்டு தங்களை அளந்துகொள்கிறார்களோ, அது செய்தியில் இல்லை.

ஜமைக்காவின் டினா கிளேட்டன் 2021இல் நைரோபியில் 11.09 நொடிகளிலும், 2022இல் கொலம்பியாவின் கலி நகரில் 10.95 நொடிகளிலும் ஓடி, 20 வயதுக்குட்பட்டோருக்கான 100 மீட்டர் உலகப் பட்டத்தை அடுத்தடுத்து இரு முறை வென்றார். பெரியவர்களுக்கான உலக சாம்பியன்ஷிப்பின் தனிநபர் பதக்கம் 2025இல் டோக்கியோவில்தான் கைக்கு வந்தது: 10.76 நொடி, வெள்ளி. நடுவில் மூன்று ஆண்டுகள். இளையோர் தங்கத்துக்கும் பெரியவர்களின் மேடைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதற்கு இந்த மூன்று எண்களைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அதே கலி நகரில் 400 மீட்டரில் 51.85 நொடிகளில் ஓடி வெண்கலம் வென்ற மீரட் விவசாயக் குடும்பத்துப் பெண் ரூபல் சௌத்ரி, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அணியிலும் ஓடியவர். அதற்குப் பிறகான ஆண்டுகளில் அவர் ஓடிய நேரங்களை நம் பக்கங்களில் நான் தேடித் தேடிக் களைத்திருக்கிறேன்.

ஆகவே யூஜினிலிருந்து செய்தி வரும்போது, வென்றாலும் தோற்றாலும், நம் பெண்களின் நேரத்தையும் அதற்கு முந்தைய அவர்களின் சிறந்த நேரத்தையும் அருகருகே போடுங்கள். 100, 200 மீட்டர் என்றால் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஓடுபவரைப் பின்னிருந்து தள்ளும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது என்பதால் அதுவும் வாசகர் அறிய வேண்டியதே. உள்ளூர்ப் போட்டிகளில் கையால் எடுத்த நேரமா, மின்னணுக் கருவி எடுத்த நேரமா என்றும் சொல்லுங்கள். கையால் எடுத்த 12.0 நொடியை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம். இது தெரியாமல் நம் ஊர்ப் பெண்ணைத் தேசிய சாதனைக்கு அருகில் வந்துவிட்டதாக எழுதி, பிறகு பெரிய போட்டியில் அவள் தடுமாறினாள் என்றும் எழுதிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு வரி இடம்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருச்சி மாவட்டம்.