களிமண் வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மனநலத்துக்கான களிமண், வண்ண வகுப்பு இந்தப் பருவமும் நல்லபடியாக முடிந்தது. பொத்தாம்பொதுவாக நன்றி சொல்ல மனமில்லை. யார் செய்தது எதற்கு உதவியது என்று எழுதிவைத்தால், வேறு ஊரில் தொடங்குகிறவர்களுக்கும் பயன்படும்.

முதல் நன்றி மானாமதுரை மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு. சலித்து மிதித்த மண்ணை ஆளுக்கு ஒரு கிலோ வீதம், ஈரம் போகாமல் பாலிதீன் பையில் கட்டித் தந்தார்கள். ஓர் அகலும் கையடக்கக் கிண்ணமும் செய்ய அது தாராளம். சுவர் சுண்டுவிரல் கனத்தைத் தாண்டக் கூடாது, பொம்மையென்றால் உள்ளே குடைந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்களே. கனத்த இடத்தில் உள்ளீரம் காயாது. சூளையில் அது ஆவியாகிப் பொருளை வெடிக்க வைக்கும். கைப்பிடி ஒட்டுமுன் இருபக்கமும் கீறி மண்குழம்பு தடவாவிட்டால் காயும்போதே கழன்றுவிடும். நிழலில், மேலே துணி போர்த்தி, ஒரு வாரமாவது காய விட வேண்டும். மனம் தளர்ந்திருப்பவரின் முதல் பொருளே உடைந்தால் அடுத்த வாரம் அவர் வருவது சந்தேகம். அதனால்தான் இவ்வளவு பக்குவம் பார்க்கிறோம்.

மாவட்ட மனநலத் திட்டச் செவிலியர் வகுப்பைக் காலை 9 மணியிலிருந்து 11-க்கு மாற்றச் சொன்னார். இரவு மாத்திரையின் அசதி சிலருக்கு முற்பகல்வரை விடாது. லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்குக் கை நடுங்கலாம் என்பதால் தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினோம். சில மருந்துகளுக்கு நாக்கு வறளும். தண்ணீர்ப் பானை எட்டும் தூரத்தில் இருந்தது. வகுப்புக்கு வருவதால் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்ட வீட்டாருக்கு, கூடவே கூடாது என்று அவரே விளக்கினார்.

கூடம் தந்த நூலகத்தாருக்கும் நன்றி. கதவைச் சாத்தாமல், தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டுவைத்தார்கள். நடுவில் எழுந்துபோய் உட்கார இடமிருந்தால்தான் பலர் உள்ளேயே வருவார்கள். துப்புரவுப் பணியாளர் அக்கா, காய்ந்த மண்ணை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது.

மண் அறுக்கக் கத்திக்குப் பதில் தூண்டில் நரம்பு தந்த கடைக்காரர், அதையும் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிவைத்த தன்னார்வலர்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைக் காசு வாங்காமல் அச்சடித்த அச்சகத்தார், எல்லோருக்கும் நன்றி. கிரயான் பெட்டிகள் தந்தவர்களுக்கும்தான். இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அடுத்த முறை 12-ஆம் எண் தட்டைத் தூரிகை கொடுத்தால் நலம்.

வீட்டாருக்குத் தனி நன்றி. "ஏன் எல்லாம் கறுப்பாயிருக்கு?" என்று யாரும் துருவவில்லை. படத்தை வைத்து மனத்தைக் கணிப்பது எங்கள் வேலையும் இல்லை. கேட்காமல் எவருடைய படத்தையும் வாட்ஸாப்பில் போடவும் இல்லை. இந்த ஒன்றைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

சுட்டெடுத்த பொருள்கள் நூலக அலமாரியில் இருக்கின்றன. பெயரில்லை, அடியில் எண் கீறியிருக்கும். வேலை நாட்களில் மாலை 5 மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரவல் வாங்கிய வாளிகளையும் தட்டுகளையும் கழுவி, நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
வகுப்பு நடத்துநர்கள்,
சிவகங்கை மாவட்டம்