உன் நன்மைக்குத்தான்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது நிம்மதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் மறுபடி அரசியல் தத்துவத்தில் தலையை விட்டுக்கொண்டேன். நீயோ சரியாக அங்கேயே குத்தியிருக்கிறாய்: சீட் பெல்ட் சட்டத்தை ஆதரிக்கிறவன் சுதந்திரம் பற்றிப் பேசலாமா?

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் போட்ட கோடு உனக்குத் தெரியும். பிறருக்குத் தீங்கு வராதவரை யாரையும் தடுக்கக் கூடாது, அவனது நன்மைக்காகக்கூட. ஆனால் அவரே ஓர் இடம் விட்டுவைக்கிறார். பாலம் இடியப்போவது தெரியாமல் ஒருவன் கால் வைக்கிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம். ஆற்றில் விழுவது அவன் விருப்பம் அல்லவே.

இதில்தான் எனக்கு உறுத்தல். 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டு உரையில் தத்துவவாதி ஐசாயா பெர்லின் பயந்ததும் கிட்டத்தட்ட இதே வாதத்துக்குத்தான். தடையில்லாமல் இருப்பது ஒரு சுதந்திரம், தன்னைத் தானே ஆள்வது இன்னொன்று. இரண்டாவது கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் ‘உண்மையான நீ’ என்று ஒருவனை உனக்குள் கற்பித்துவிட்டால், அவன் சார்பில் பேச வேறு யாராவது கிளம்பிவிடுவார்கள். பொது விருப்பத்துக்கு, அதாவது எல்லோருடைய பொது நன்மையை நாடும் விருப்பத்துக்கு, பணியாதவனைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோ எழுதினாரே, அது மாதிரி. மில்லின் ஆளிடம் மறு நிமிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். ரூசோவின் ஆள் மறுத்தால், அவனுக்கு இன்னும் தெளிவு வரவில்லை என்பார்கள்!

பொருளியலாளர் தேலரும் சட்ட அறிஞர் சன்ஸ்டீனும் 2008-இல் சொன்ன வழி மென்மையானது. ஊழியரை ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்த்துவிடு, வேண்டாமென்றால் விலகட்டும். தடை என்று எதுவும் இல்லை. ஆனாலும் தத்துவவாதி ஃபிலிப் பெட்டிட் கேட்கும் கேள்வி மிச்சமிருக்கிறது: எஜமான் நல்லவனாகவே இருந்தாலும், அவன் இஷ்டப்படி தலையிட முடியும் என்றால் நீ சுதந்திரமானவனா? அதனால்தான் வெளிப்படையாக விவாதித்து, நாளை மாற்றவும் முடிகிற சீட் பெல்ட் சட்டம், அபராதத்தோடு வந்தாலும் எனக்குப் பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் என்னை ஒரு பக்கம் நகர்த்துகிற ஏற்பாடுதான் பிடிக்கவில்லை.

சரி, பிடிபடாத ஒன்று. குடியை விடுகிறேன், என்னைத் தடுங்கள் என்று காலையில் கெஞ்சுகிறவன், மாலையில் கையை விடு என்று சண்டை போடுகிறான். இவனிடம் கேட்டுச் சரிபார்ப்பது எப்படி? எந்த நேரத்துப் பேச்சை எடுத்துக்கொள்வது? மறுவாழ்வு மையத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் நீ. அங்கே என்ன செய்வீர்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
மூர்த்தி